வரும் கப்பல், போகும் கப்பல்: விசாகப்பட்டினப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, இரவு

காலையில் சென்னையில் ஏறிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இருட்டிய பிறகு விசாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இட்லி, அதன் மேல் காரப்பொடியும் நெய்யும். சாப்பிட்டு முடித்து அறைக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன், நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும்.

எதற்கு இந்த ஊர் என்று வீட்டில் கேட்டார்கள். போர்க்கப்பல் ஒன்று பணியில் சேர்ந்தது என்றோ, ஹெலிகாப்டர் ஒன்று ஓய்வு பெற்றது என்றோ பேப்பரில் நாலு வரி வரும். அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். எனக்கு அந்த நாலு வரிதான் பிடிக்கும். வருவதையும் போவதையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் இந்தியாவில் விசாகப்பட்டினத்தை மிஞ்ச இடமில்லை. கிழக்குக் கடற்படையின் தலைமையகம் இங்கேதான். 2025-ல் மட்டும் அர்னாலா, நிஸ்தார், உதயகிரி, ஹிம்கிரி, ஆந்த்ரோத் என்று வரிசையாக இங்கே பணியில் சேர்ந்தன. வேலை முடிந்தவையோ கடற்கரைச் சாலையிலேயே டிக்கெட் போட்டு உட்கார்ந்திருக்கின்றன.

அத்திப்பட்டு தாண்டும்போது ஜன்னலில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. அதற்குக் கிழக்கே கடலோரத்தில் காட்டுப்பள்ளி. அர்னாலா பிறந்தது அங்கேதான். கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனம் எல் அண்ட் டி-யோடு சேர்ந்து கட்டியது. கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலில் நீர்மூழ்கிகளைத் தேடி அடிப்பதற்கான கப்பல். 77 மீட்டர் சொச்சம் நீளம். புரொப்பெல்லர் கிடையாது, தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும் வாட்டர்ஜெட்டில் ஓடுகிறது. 2025 மே 8-ல் காட்டுப்பள்ளியில் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். ஜூன் 18-ல் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்ந்தது. நம் ஊரிலிருந்து கிளம்பி இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்த கப்பல் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

எதிர் சீட்டில் ஒரு பெரியவர். வேலூர்ப் பக்கம் சொந்த ஊர், கடற்படையில் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றபின் விசாகப்பட்டினத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர். நான் எதற்குப் போகிறேன் என்று தெரிந்ததும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"தம்பி, கட்டி முடிச்ச உடனே அது ஐ.என்.எஸ். ஆயிடாது. தண்ணியில இறக்குற வரைக்கும் யார்டுல அதுக்கு வெறும் நம்பர்தான்" என்று ஆரம்பித்தார். கடலில் ஓட்டிப் பார்த்து, குறை சரிசெய்து, கடற்படையிடம் ஒப்படைத்த பிறகும் அது பெயருக்கு முன்னால் ஐ.என்.எஸ். (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்று போட்டுக்கொள்ளக் காத்திருக்கும். கமிஷன் ஆகும், அதாவது முறைப்படி பணியில் சேரும் நாளில், அதற்கான ஆணையை கேப்டன் வாசிப்பார். பின்பக்கம் கடற்படைக் கொடி ஏறும். கொடிமர உச்சியில் கமிஷனிங் பென்னன்ட் என்ற ஒல்லியான கொடி பறக்கத் தொடங்கும். கப்பல் பணியில் இருக்கும் வரை அது அங்கேயே இருக்கும்.

"இறங்குற நாள் எப்படி ஐயா?" என்று கேட்டேன்.

அவர் இளவயதில் வேலை பார்த்த கப்பல் ஐ.என்.எஸ். ராஜ்புத். சோவியத் யூனியனில், இன்றைய உக்ரைனிலுள்ள நிகோலயேவில் கட்டியது. 1980 மே 4-ல் சேர்ந்து 2021 மே 21-ல் விசாகப்பட்டினத்தில் விடைபெற்றது. 41 வருஷம், 31 கேப்டன்கள். இலங்கைக் கடலில் ஆபரேஷன் பவன், மாலத்தீவுக்கு ஆபரேஷன் காக்டஸ் எல்லாம் பார்த்த கப்பல். பிரமோஸ் ஏவுகணையைக் கடலில் சோதித்துப் பார்த்ததும் இதிலிருந்துதான். அதன் கடைசி நாள் கொரோனா காலத்தில் வந்துவிட்டதால் பழைய ஆட்களைக் கூப்பிடவில்லை, ஊரிலிருந்த அதிகாரிகளும் மாலுமிகளும் மட்டும் நின்றார்களாம்.

"பத்து நிமிஷ தூரத்துல இருந்துக்கிட்டு போன்லதான் பார்த்தேன். சூரியன் அஸ்தமிக்கிற நேரத்துக்குக் கொடி இறக்குவாங்க. பென்னன்ட்டும் இறங்கும். அதோட முடிஞ்சது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு அப்புறம் அது கப்பல் இல்ல தம்பி, இரும்பு" என்றார். விடைபெறும் கப்பலில் பேயிங் ஆஃப் பென்னன்ட் என்று இன்னொன்று பறக்குமாம், வழக்கமாகக் கப்பலின் நீளத்துக்கே இருக்கும் கொடி. "காத்து இல்லாத அன்னிக்குப் பாவமா தொங்கும்" என்று சிரித்தார்.

ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் வந்ததும் பேச்சு மீன் விலைக்குத் தாவிவிட்டது.

சனி, இரவு

ராமகிருஷ்ணா கடற்கரை. குர்சுரா நீர்மூழ்கியைப் பார்க்க மதியத்துக்கு மேல்தான் விடுகிறார்கள் என்பதால் காலை நேரத்தைக் கடற்கரையில் கழித்தேன். வெயில் ஏற ஏற, மணலில் கிடக்கும் அந்தக் கறுப்பு உடம்பு இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. 91 மீட்டர் நீளம். படத்தில் பார்க்கும்போது இவ்வளவு பெரிது என்று தோன்றுவதில்லை. உள்ளே போனால் இவ்வளவு சின்னது என்று தோன்றுகிறது.

குர்சுரா 1969 டிசம்பர் 18-ல் ரீகாவில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. ரீகா இப்போது லாட்வியாவின் தலைநகரம், அப்போது சோவியத். ஃபாக்ஸ்ட்ராட் என்ற சோவியத் நீர்மூழ்கி வகை. 1971 போரில் அரபிக்கடலில் ரோந்து போயிருக்கிறது. அப்புறம் நடந்தது கொஞ்சம் பரிதாபம். எழுபதுகளில் உதிரிபாகம் கிடைக்காமல் ஓரமாக நிறுத்திவிட்டு, இதிலிருந்து கழற்றி மற்ற நீர்மூழ்கிகளுக்கு மாட்டினார்கள். அதோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எண்பதுகளில் திரும்பப் பாகங்கள் வாங்கிச் சரிசெய்து, 2001 பிப்ரவரி 27 வரை ஓட்டினார்கள். ஆக அது ஒருமுறை செத்துப் பிழைத்த படகு. படகு என்றுதான் சொல்ல வேண்டுமாம், நீர்மூழ்கிக்காரர்கள் கப்பல் என்று சொல்வதில்லை.

முன்பக்கம் படியேறி, உடம்பில் வெட்டிய வாசல் வழியே நுழைந்தால் நேரே டார்பிடோ அறை. முன்னால் ஆறு குழாய், பின்னால் நாலு. மொத்தம் 22 டார்பிடோ. சுவரோடு ஒட்டிய படுக்கைகளைக் காட்டி, "இதுக்குப் பக்கத்துலயே தூங்குவோம்" என்றார் வழிகாட்டி. அவரும் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். தெலுங்கிலும் இந்தியிலும் மாறி மாறிச் சொன்னார், என்னைப் பார்த்தால் மட்டும் ஆங்கிலத்துக்கு வந்தார்.

ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வழி வட்டமான ஓட்டை. முதலில் ஒரு காலை விட வேண்டும், பிறகு தலையைக் குனிந்து முதுகை வளைத்து அடுத்த காலை இழுக்க வேண்டும். எனக்கு முன்னால் போன ஒரு அம்மா புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அநாயாசமாக நுழைந்தார், நான் இரண்டாவது ஓட்டையிலேயே நெற்றியில் வாங்கிக்கொண்டேன். ஆபத்து என்றால் அந்தக் கதவை மூடித் திருகிவிடுவார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம்தான். வழிகாட்டி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கூட்டம் சிரிக்கவில்லை.

நடுவில் கட்டுப்பாட்டு அறை. பெரிஸ்கோப், சிவப்புக் கைப்பிடி வால்வுகள், ரஷ்ய எழுத்தில் டயல்கள். எழுபத்தைந்து பேருக்குச் சமைத்த சமையலறை நம் வீட்டு பாத்ரூம் அளவுதான். சமையல்காரர் பொம்மை ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள், அதற்கே இடம் பற்றவில்லை. டீசல் என்ஜின் பகுதியில் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. மூன்று டீசல், மூன்று தண்டு. மேலே வந்து டீசலை ஓட்டி பேட்டரியை ஏற்றிக்கொள்வது, கீழே போனால் பேட்டரியில் ஓடுவது. குளிப்பது பற்றி ஒரு பையன் கேட்டான். "நல்ல தண்ணி குடிக்கிறதுக்கே" என்று பதில் வந்தது.

எனக்கு உள்ளே இருப்பதைவிட இது இங்கே எப்படி வந்தது என்பதில்தான் ஆர்வம். கடலில் கொண்டுவந்துவிடலாம். கரையேற்றுவதில்தான் கஷ்டம். 600 மீட்டர் இழுக்க 18 மாதம் ஆனது, ஐந்தரைக் கோடி செலவு என்றார் வழிகாட்டி. 2002 ஆகஸ்டில் திறந்தார்கள். இன்றைக்கு வரை கூட்டம் குறையவில்லை.

இதற்குப் பக்கத்தில் விமானந்தாங்கிகளின் முடிவை வைத்துப் பாருங்கள். முதல் விக்ராந்த் 1961-ல் பெல்ஃபாஸ்டில் சேர்ந்து 1997 ஜனவரியில் ஓய்வு பெற்றது. மும்பையில் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். பராமரிக்க முடியாமல் மூடினார்கள். 2014-ல் உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளாகக்கூட வந்தது. விராட் 2017 மார்ச் 6-ல் விடைபெற்றது. அதை இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவர ஆந்திர அரசும் ஆசைப்பட்டது. செலவுக் கணக்கைப் பார்த்ததும் ஆசை கரைந்துபோனது. 2020-ல் குஜராத்தின் அலங் கரையில் ஏறியது, பிரித்துவிட்டார்கள்.

என் கணக்கு இதுதான்: கரைக்கு ஏற்றியது பிழைக்கிறது, தண்ணீரில் விட்டது கரைகிறது. உப்புநீரில் நிற்கும் இரும்புக்கு ஓய்வே கிடையாது. அடிப்பகுதியைச் சுரண்ட வேண்டும், வர்ணம் பூச வேண்டும், உலர் துறைக்குக் கொண்டுபோக வேண்டும், பம்ப் ஓட வேண்டும். பணியில் இருந்தபோது அதைச் செய்ய நூற்றுக்கணக்கான ஆள் இருந்தார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் அவர்கள் எல்லாரும் அடுத்த கப்பலுக்குப் போய்விடுகிறார்கள். கரையில் கிடப்பதற்கும் துரு உண்டுதான், ஆனால் ஏணியும் பெயின்ட் டப்பாவும் இருந்தால் சமாளிக்கலாம். விராட் அளவுள்ள ஒன்றை எந்த மணலில் ஏற்றுவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பெரியவற்றைக் காப்பாற்ற முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, சின்னவற்றை ஒழுங்காகக் காப்பாற்றுவது மேல்.

வெளியே வந்ததும் முறி மிக்ஸர். பொரி, வெங்காயம், எலுமிச்சை, காரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஞாயிறு, இரவு

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு ஊரே வந்துவிடுகிறது. சாலையின் மறுபக்கம் டியு-142, கடல்மேல் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடிய விமானம். நம் அரக்கோணத்துப் பிள்ளை.

சோவியத்திடமிருந்து எட்டு விமானங்கள் 1988-ல் வந்தன. முதலில் கோவா, 1992-ல் அரக்கோணத்தில் ராஜாளி தளம் திறந்ததும் அங்கே. 2017 மார்ச் 29-ல் அரக்கோணத்திலேயே விடைகொடுத்தார்கள். அடுத்த மாதமே ஒன்று கடைசித் தடவையாகப் பறந்து இங்கே இறங்கியது. பிரித்து, ரோடு வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து திரும்பப் பூட்டினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் குடியரசுத் தலைவர் திறந்து வைத்தார். மளமளவென்று நடந்த வேலை.

இறக்கைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நாலு என்ஜின். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை புரொப்பெல்லர், ஒன்று இப்படிச் சுற்றினால் மற்றது அப்படி. புரொப்பெல்லர் விமானங்களில் மிக வேகமானவற்றில் இதுவும் ஒன்று. அந்தச் சத்தத்தை அரக்கோணத்துக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். காட்சிக்கூடத்தில் சோனோபாய்கள் வைத்திருக்கிறார்கள். விமானத்திலிருந்து கடலில் போட்டால் மிதந்துகொண்டே தண்ணீருக்குள் காது கொடுத்துக் கேட்டு மேலே சொல்லும் குழல்கள். டியு-142 போனாலும் அதன் 312-ம் படைப்பிரிவு போகவில்லை. அதே எண்ணில் அரக்கோணத்தில் பி-8ஐ என்ற புதிய ரோந்து விமானம் பறக்கிறது.

பக்கத்தில் புதிதாக வந்திருப்பது யு.எச்.-3எச் ஹெலிகாப்டர். நான் இந்த ஊருக்கு வந்ததே பாதி இதற்காக.

2007-ல் அமெரிக்காவிடமிருந்து ஜலஷ்வா கப்பலை வாங்கினோம், பழைய பெயர் டிரென்டன். படைகளையும் டாங்குகளையும் கரையில் இறக்கும் கப்பல். அதோடு சேர்த்து ஆறு ஹெலிகாப்டர். 2009 மார்ச் 24-ல் விசாகப்பட்டினத்தின் தேகா தளத்தில் 350-ம் படைப்பிரிவாக அமைத்தார்கள். 2007-லிருந்து கணக்கிட்டால் 17 வருஷம் பறந்து 2024 ஜூன் 28-ல் விடைபெற்றன. நமக்கு வரும்போதே அவை அமெரிக்காவில் ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்தவை. அவற்றின் இடத்துக்கு வந்தது சீ கிங் 42சி. அதுவும் எண்பதுகளில் வாங்கியதுதான். கிழவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டுச் சித்தப்பாவை வேலைக்கு வைத்த மாதிரி. புதிய ரோமியோக்கள், அதாவது எம்.எச்.-60ஆர், 2024 மார்ச் 6-ல் கொச்சியில் 334-ம் படைப்பிரிவாகச் சேர்ந்தன. அவை நீர்மூழ்கி வேட்டைக்கு, இவை ஆளும் சரக்கும் ஏற்ற. வேலையே வேறு.

குனிந்து வயிற்றைப் பாருங்கள். படகின் அடிப்பாகம்போல வளைந்திருக்கும். தேவைப்பட்டால் தண்ணீரில் இறங்கி மிதக்க வேண்டும் என்று வரைந்த வடிவம். இரண்டு பக்கமும் மிதவைபோல உப்பிய பகுதி, சக்கரம் அதற்குள் மடங்கும். மேலே ஐந்து இறக்கை. கப்பலின் கொட்டகைக்குள் நுழைய அவையும் பின்னோக்கி மடியும், வாலும் மடியும். ரிவெட் தலைகள்மேல் வர்ணம் கனமாக இருந்தது, எத்தனை பூச்சு என்று நகத்தால் எண்ணிவிடலாம். செக்யூரிட்டி முறைத்தார், கையை எடுத்துவிட்டேன்.

கப்பலுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் பெயரோ தனி விழாவோ கிடையாது. வருவதும் போவதும் படைப்பிரிவாகத்தான். ஆறில் ஒன்று கண்ணாடிபோலத் துடைத்து வைக்கப்பட்டிருக்க, அதனோடு பறந்த மற்றவற்றை யாரும் கேட்பதில்லை.

ஸீ ஹாரியர் விமானத்தையும் எட்டிப் பார்த்தேன். நல்ல விமானம். கூட்டம் தாங்கவில்லை, பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

திங்கள், இரவு

இன்று குர்சுராவுக்கு விடுமுறை. வருபவர்கள் திங்கள்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆட்டோ பிடித்து ராஸ் ஹில். ஒரு குன்றில் மாதா கோயில், அடுத்ததில் தர்கா, அடுத்ததில் வெங்கடேஸ்வரர். கீழே உள் துறைமுகத்துக்குப் போகும் கால்வாய். எதிரே டால்ஃபின்ஸ் நோஸ் மலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே போகும் கப்பல் எதுவானாலும் இந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். போன் கேமராவைப் பையிலேயே வைத்துவிடுங்கள், கடற்படைப் பகுதி.

சரக்குக் கப்பல்கள் இரண்டு போன பிறகு சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. இழுவைப் படகு முன்னால். வெள்ளைச் சீருடையில் மேல்தளத்தில் வரிசையாக நின்றார்கள். எந்தக் கப்பல் என்று பக்கவாட்டு எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம், எனக்கு அத்தனை தூரத்தில் எண் தெரியவில்லை. அதன் மேலாக ஒரு துருவ் ஹெலிகாப்டர் தேகா பக்கம் போனது. கிழக்குக் கரையில் துருவின் மார்க் 3 வகையை முதலில் பெற்ற 324-ம் படைப்பிரிவு 2022 ஜூலையில் அங்கேதான் அமைந்தது.

இந்தக் கால்வாய்க்கு வெளியே, 1971 டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில், பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி மூழ்கியது. அன்றைக்கு வெளியே போனது பழைய ராஜ்புத், பிரிட்டனிடம் வாங்கிய கப்பல். ரயில் பெரியவரின் ராஜ்புத் அதற்கு அடுத்தது. காஜியின் உடைசலைத் தேடிக் கடலடிக்கு ஆட்களை இறக்கிய கப்பலின் பெயர் நிஸ்தார். அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஜூலை 18-ல் சேர்ந்த நிஸ்தார் இதே ஊரின் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் கட்டியது. 118 மீட்டர் நீளம். ஆழத்தில் சிக்கிய நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை மீட்பதற்கான தாய்க்கப்பல். உதயகிரி, ஹிம்கிரி, அர்னாலா எல்லாமே பழைய கப்பல்களின் பெயர்கள்தான். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நம் வழக்கம் கடற்படையிலும் இருக்கிறது. உடம்பு உலைக்குப் போனாலும் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாமே உலைக்குப் போவதும் இல்லை. இங்கிருந்து கிளம்பிய கிர்பான் போர்க்கப்பல் 2023 ஜூலை 22-ல் வியட்நாமின் கம் ரான் துறைமுகத்தில் அந்நாட்டுக் கடற்படைக்குக் கொடுக்கப்பட்டது. ஆயுதங்களோடு, ஓடும் நிலையில். அதன் மூத்த சகோதரி குக்ரி 2021 டிசம்பர் 23-ல் இதே ஊரில் ஓய்வு பெற்றது. அதைத் தியூவுக்கு அனுப்பினார்கள். காரணம் இருக்கிறது. 1971 டிசம்பர் 9-ல் முதல் குக்ரி தியூவுக்கு அப்பால்தான் டார்பிடோ பட்டு மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அதன் கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. ஓய்வுபெற்ற கப்பலுக்கு இடம் தேடும்போது இப்படி ஒரு காரணம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவரைப் பாராட்ட வேண்டும்.

செவ்வாய், ரயிலில்

திரும்பிக்கொண்டிருக்கிறேன். நெல்லூர் தாண்டியாயிற்று.

குர்சுராவின் தங்கை ஒன்று நமக்கு வந்திருக்க வேண்டியது. வாக்லி என்று பெயர். 1974-ல் சேர்ந்து 2010 டிசம்பர் 9-ல் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைக்கலாம் என்று திட்டம். சென்னைத் துறைமுகம் வரை வந்தும் சேர்ந்தது. மாமல்லபுரத்துக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. இந்தச் சில நாளில் ராமகிருஷ்ணா கடற்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக அந்த வட்ட ஓட்டைக்குள் நுழைந்து போவதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவர்களுக்கு ஆன 18 மாதம் நமக்கு ஏன் கிடைக்கவில்லை?

அடுத்து தியூ. வெராவல் வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ். குக்ரியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.